பறித்த பின் பழுக்காத பழம்... மாடித் தொட்டியில் அத்தி வளர்த்து, ரகம் ரகமாக ருசிக்கலாம்!

பழக்கடையில் பிளாஸ்டிக் பெட்டிக்குள் நான்கைந்து அத்திப்பழங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். விலையைக் கேட்டுக் கொஞ்சம் தயங்கி, 'ஒரு தடவை வாங்கித்தான் பார்ப்போமே' என்று வீட்டுக்கு எடுத்து வந்து, நான்காக நறுக்கி ஆளுக்கொரு துண்டு கொடுத்தால்... யார் முகத்திலும் பெரிய மலர்ச்சி இருக்காது. "வெள்ளரிக்காய் மாதிரி இருக்கு" என்று பிள்ளைகள் நழுவிவிடுவார்கள். "இதுக்கு நூல்ல கோத்து விக்கிற காய்ஞ்ச அத்திப்பழமே தேவலாம்" என்று பாட்டி தீர்ப்பு சொல்லிவிடுவார். அத்தோடு அந்த வீட்டில் அத்திப்பழத்தின் கதை முடிந்தது.

உண்மையில், அந்த வீட்டில் யாரும் அத்திப்பழத்தை இன்னும் ருசிக்கவே இல்லை. அவர்கள் சாப்பிட்டது பழுக்கும் முன்பே பறிக்கப்பட்ட காய். மாடியில் ஒரு தொட்டி, தினமும் ஆறேழு மணி நேர வெயில், கொஞ்சம் பொறுமை. இவை மூன்றும் இருந்தால் அந்தத் தீர்ப்பை வீட்டிலேயே திருத்தி எழுதலாம்.

கடைக்கு வராத ருசி

மாங்காயைப் பறித்து வைக்கோலில் வைத்தால் பழுக்கும். வாழைத்தாரை வெட்டிவைத்தால் பழுக்கும். அத்தி அப்படிப் பழுக்காது. மரத்தில் இருக்கும்வரைதான் அதில் சர்க்கரை ஏறும். பறித்துவிட்டால் சற்று மெத்தென்று ஆகலாம், இனிப்பு கூடாது.

சிக்கல் என்னவென்றால், முழுதாகப் பழுத்த அத்தியைத் தொட்டாலே குழைந்துவிடும். தோல் அவ்வளவு மெல்லியது. லாரியில் ஏற்றி, சந்தையில் இறக்கி, கடையில் அடுக்கி, நாம் வாங்கும்வரை அது தாங்காது. அதனால் வியாபாரத்துக்குப் பறிப்பவர்கள் சில நாள்கள் முன்னதாகவே, கெட்டியாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். அந்தக் கடைசிச் சில நாள்களில்தான் அத்தியின் ருசியே இருக்கிறது!

காய் விட்டுச் சில வாரங்கள் வேகமாக வளரும். பிறகு பல வாரங்கள் அதே அளவில், அதே பச்சையில் அசையாமல் நிற்கும். 'இது இனிமேல் எங்கே பழுக்கப்போகிறது' என்று நாம் சலித்துக்கொள்ளும் நேரத்தில், திடீரென்று சில நாள்களில் உப்பி, நிறம் மாறி, கழுத்து வளைந்து தலை தொங்கும். இந்த மாற்றத்தை முழுதாகப் பார்த்து, சரியான காலையில் கை நீட்டிப் பறிக்கும் வாய்ப்பு, செடியை வீட்டில் வைத்திருப்பவர்களுக்குத்தான் உண்டு.

பூ எங்கே இருக்கிறது?

எப்போதோ அபூர்வமாக வந்து போகும் உறவினரை 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். அத்தி பூப்பதை யாரும் பார்த்ததில்லை என்பதால் வந்த வழக்கு இது. ஆனால் அத்தி பூக்காமல் இல்லை. நாம் 'காய்' என்று நினைக்கும் அந்தப் பச்சை உருண்டைதான் அதன் பூங்கொத்து. நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள் வெளியே விரியாமல் உள்பக்கமாக மலர்ந்திருக்கும். சாப்பிடும்போது நறநறவென்று பல்லில் படும் விதைகள்தான், தாவரவியல் கணக்கில் அதன் உண்மையான கனிகள். அடியில் இருக்கும் சிறு துளையைத் தோட்டக்காரர்கள் 'கண்' என்கிறார்கள்.

நம் ஊர் ஆற்றங்கரைகளில் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தி வேறு. தொட்டியில் வளர்க்கும் சீமை அத்தி வேறு. இரண்டும் ஆல், அரசு ஆகியவற்றோடு ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

'அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு' என்ற பழமொழியை நினைத்துத் தயங்குபவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பழமொழி நாட்டு அத்திக்குப் பொருந்தும். கண் வழியே உள்ளே போய் முட்டையிடும் சின்னஞ்சிறு குளவிகள் அதற்கு உண்டு. சீமை அத்திக்கு உதவும் குளவி வேறு இனம். அதோடு, வீட்டுத் தோட்டத்துக்கென விற்கப்படும் பெரும்பாலான சீமை அத்தி ரகங்களுக்குக் குளவியே தேவையில்லை. மகரந்தச் சேர்க்கை இல்லாமலேயே அவை காய்த்துப் பழுத்துவிடும். சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டியதில்லை!

பூச்சிக்காகக் காத்திருந்த கலிபோர்னியா

குளவி தேவைப்படும் ரகத்தைத் தெரியாமல் நட்டால் என்ன ஆகும்? ஒரு மாநிலமே அந்தப் பாடத்தைப் படித்திருக்கிறது. துருக்கியின் ஸ்மிர்னா நகரம், இன்றைய இஸ்மிர், உலர் அத்திக்குப் பேர் போனது. 1880-களின் தொடக்கத்தில் அந்த ஸ்மிர்னா ரகத்தின் குச்சிகளைக் கப்பலில் கொண்டுவந்து கலிபோர்னியாவில் நட்டார்கள். மரங்கள் தழைத்தன. காயும் விட்டது. ஆனால் ஒன்றுகூடப் பழுக்கவில்லை. எல்லாம் வாடி உதிர்ந்தன.

துருக்கி விவசாயிகளுக்கு இதன் ரகசியம் பரம்பரையாகத் தெரியும். 'காட்டு அத்தி' எனப்படும் ஆண் மரத்தின் காய்களைப் பறித்து, ஸ்மிர்னா மரக் கிளைகளில் கட்டித் தொங்கவிடுவார்கள். அதிலிருந்து வெளிவரும் குளவிகள், சுமார் 2 மில்லிமீட்டர் நீளம் உள்ளவை, மகரந்தத்தைச் சுமந்துகொண்டு ஸ்மிர்னா காய்க்குள் நுழையும். அந்தக் குளவியைக் கலிபோர்னியாவில் குடியேற்ற 1899 வரை ஆனது. ஃப்ரெஸ்னோவில் ஜார்ஜ் ரோடிங் என்பவரின் தோட்டத்தில் அது நடந்தது. பிறகு கலிபோர்னியா, ஸ்மிர்னா என்ற இரண்டு பெயர்களையும் சேர்த்து அந்தப் பழத்துக்கு 'கலிமிர்னா' என்று பெயரும் சூட்டிவிட்டார்கள்.

மாடித் தோட்டக்காரர்களுக்கு இந்தக் கதை வெறும் வரலாறு இல்லை. ஸ்மிர்னா, கலிமிர்னா வகைச் செடியைப் படத்தைப் பார்த்து வாங்கி வைத்தால், மூன்று வருடம் தண்ணீர் ஊற்றியும் மிஞ்சுவது உதிர்ந்த காய்கள்தான். 'டெசர்ட் கிங்' போன்ற சான் பெட்ரோ வகை இன்னும் குழப்பும். பழைய கிளையில் வரும் முதல் காய்ப்பு குளவி இல்லாமலே பழுக்கும். புதுக் கிளையில் வரும் முக்கியக் காய்ப்புக்குக் குளவி வேண்டும். எனவே செடி வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பழம் எவ்வளவு பெரிசா வரும்?" என்பதில்லை. "மகரந்தச் சேர்க்கை இல்லாமல் பழுக்குமா?" என்பதுதான்.

தேனா... ஜாமா? ரகமும் ருசியும்

ஐரா காண்டிட் என்ற அமெரிக்க அறிஞர் 1955-ல் வெளியிட்ட தொகுப்பில் 600-க்கும் மேற்பட்ட அத்தி ரகங்கள் இடம்பெற்றிருக்கின்றன. அத்தனை பெயர்களையும் பார்த்து மிரள வேண்டாம். வீட்டில் ருசிப்பவர்கள் மோட்டாமோட்டமாக இரண்டு குடும்பமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, தேன் குடும்பம். தோல் பச்சையாகவோ மஞ்சளாகவோ இருக்கும். உள்ளே தேன் நிறச் சதை. புளிப்பே இல்லாத, வெல்லப்பாகு போன்ற நேரடி இனிப்பு. இத்தாலியில் 'தொத்தாத்தோ' என்று அழைக்கப்படும் 'கடோட்டா' இந்த வகைக்கு நல்ல உதாரணம். 'சர்க்கரை அத்தி' என்ற செல்லப்பெயர் கொண்ட 'செலஸ்ட்' ரகத்தின் தோல் பழுப்பு கலந்த ஊதாவாக இருந்தாலும் இனிப்பில் இந்தப் பக்கம்தான் சேரும்.

இரண்டாவது, பெர்ரி குடும்பம். பிட்டால் உள்ளே ரத்தச் சிவப்பு. இனிப்போடு சின்னப் புளிப்பும் சேர்ந்து, ஸ்ட்ராபெர்ரி ஜாமை ஸ்பூனில் எடுத்ததுபோல் இருக்கும். கறுத்த தோலும் சிறிய பழமும் கொண்ட 'வயலட் டி போர்டோ' இதில் பிரபலம். செடி அதிகம் உயராது என்பதால் தொட்டிக்கு ஏற்றது. பச்சையும் மஞ்சளும் பட்டை பட்டையாக ஓடும் 'பனாஷே' பார்வைக்கே விருந்து. ஆனால் பழுக்க அதிக நாள் எடுக்கும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவையும் உண்டு. ஸ்பெயின் பாதிரிமார்கள் 18-ம் நூற்றாண்டில் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோன 'பிளாக் மிஷன்', மென்மையான இனிப்புள்ள 'பிரவுன் டர்க்கி' ஆகியவை அப்படிப்பட்டவை. இந்தியாவில் பழத்தோட்டங்களில் அதிகம் பேசப்படுபவை 'பூனா அத்தி'யும், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உருவான 'டயானா'வும். பூனா அத்திக்கு வெளிர் ஊதாத் தோல், ரோஜா நிறச் சதை. டயானா மஞ்சள் கலந்த பச்சைத் தோலோடு பெரிதாகக் காய்க்கும்.

மழையும் ஈரக்காற்றும் உள்ள ஊர்க்காரர்கள் ருசியோடு 'கண்'ணையும் கவனிக்க வேண்டும். கண் அகலமாகத் திறந்திருக்கும் ரகத்தில் மழைநீரும் எறும்பும் பழ ஈயும் சுலபமாக உள்ளே போகும், பழம் புளித்துவிடும். செலஸ்ட் போலக் கண் மூடியிருக்கும் ரகங்கள் இந்த விஷயத்தில் தப்பித்துக்கொள்ளும். ஈரப்பதம் மிகுந்த லூசியானா மாநிலத்தின் பல்கலைக்கழகம் அத்தி ரகங்களை உருவாக்கியபோது இதையும் மனதில் வைத்துத்தான் தேர்ந்தெடுத்தது.

ஒரே மரம், இரண்டு ருசி

ரகத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைப் புனே அருகே உள்ள புரந்தர் வட்டாரத்து விவசாயிகள் இரண்டே சொற்களில் சொல்லிவிடுகிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற புரந்தர் அத்தி அங்கே இரண்டு பருவங்களில் அறுவடையாகிறது. மழைக்காலத்தில் வருவதற்கு 'கட்டா பஹார்' என்று பெயர். அதாவது, புளிப்புப் பருவம். கோடையில் வருவதற்கு 'மீட்டா பஹார்', இனிப்புப் பருவம். மரமும் மண்ணும் அதேதான். வெயில் குறைந்து தண்ணீர் கூடினால் புளிப்பு; வெயில் ஏறித் தண்ணீர் அளவாக இருந்தால் தேன்.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் தமிழகப் பகுதிகளுக்கு இதில் நல்ல குறிப்பு இருக்கிறது. மழை ஓய்ந்த பிறகு, ஜனவரி வாக்கில் கவாத்து செய்தால், புதிதாகத் துளிர்க்கும் கிளையில் இலைக்கொரு காயாக விட்டுக் கோடையில் பழுக்கும். ஐப்பசி அடைமழையில் பழுக்கும் பழத்தைச் சாப்பிட்டுவிட்டு, 'இந்த ரகம் சரியில்லை' என்று செடியைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. தவறு செடியுடையது இல்லை, மாதத்துடையது!

தொட்டியில் வளர்ப்பது எப்படி?

அத்தியை விதையிலிருந்து வளர்ப்பதில்லை. விதை போட்டால் தாயின் ருசி வராது. குச்சி நட்டு வளர்ப்பதுதான் வழக்கம். இந்த வழக்கம் எவ்வளவு பழையது தெரியுமா? ஜோர்டான் பள்ளத்தாக்கில் கில்கால் என்ற இடத்தில் சுமார் 11,400 ஆண்டுகளுக்கு முந்தைய கருகிய அத்திப்பழங்கள் கிடைத்தன. தானியப் பயிர்களுக்கும் முன்பாகவே மனிதர்கள் அத்திக் குச்சியை ஒடித்து நட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் 2006-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அந்த முடிவை ஏற்காத அறிஞர்களும் உண்டு. ஆனால் ஒடித்து நட்டால் முளைக்கும் அத்தியின் குணத்தில் யாருக்கும் சந்தேகமில்லை.

பென்சில் தடிமனில், நான்கைந்து கணுக்களோடு, ஒரு சாண் நீளமுள்ள முற்றிய குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் மண்ணுக்குள் போகும்படி நட்டு, நிழலில் வையுங்கள். மண் லேசான ஈரத்தில் இருந்தால் போதும். ஆசையாகத் தினமும் ஊற்றும் தண்ணீரில்தான் பெரும்பாலான குச்சிகள் அழுகிப்போகின்றன. இன்னொரு ஏமாற்றமும் காத்திருக்கும். குச்சிக்குள் இருக்கும் சேமிப்பை வைத்தே முதல் இலைகள் விரிந்துவிடும். 'துளிர்த்துவிட்டது' என்று உடனே இடம் மாற்றினால் செத்துவிடும். வேர் நன்றாகப் பிடிக்க 4 முதல் 6 வாரம் வரை பொறுத்திருங்கள்.

பிறகு 20 லிட்டர் வாளியில் ஆரம்பித்து, இரண்டு வருடத்தில் 50 லிட்டர் அளவுள்ள தொட்டி அல்லது குரோ பேக்குக்கு மாற்றலாம். செம்மண், மணல், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் கலந்த மண்ணில் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு சேர்ப்பது நல்லது. வேரில் முடிச்சு முடிச்சாக வீக்கம் உண்டாக்கும் நூற்புழு, அத்திக்கு முக்கியமான எதிரி. தண்ணீர் குடித்த பெரிய தொட்டி நல்ல எடை இருக்கும் என்பதால், மாடியில் நடுத்தளத்தில் வைக்காமல் சுவர், பீம் வருகிற இடமாகப் பார்த்து வையுங்கள்.

தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் இலை மட்டும் யானைக்காது போல வளரும்; காய் வராது. புதுக் கிளையில் ஐந்தாறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் காய் விடத் தூண்டும். கோடையில் தொட்டிச் செடிக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். ஆனால் பழம் உப்பத் தொடங்கியதும் வழக்கமான அளவைத் தாண்டி ஊற்றாதீர்கள். பழம் வெடிக்கும், ருசியும் நீர்த்துவிடும்.

மழைக்காலத்தில் இலையின் அடியில் துருப்பிடித்ததுபோலப் புள்ளிகள் வந்து உதிர்வது துரு நோய். அந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். பழுக்கும் நேரத்தில் மைனாவும் அணிலும் உங்களுக்கு முன்பே எழுந்துவிடும். ஒவ்வொரு காய்க்கும் ஒரு சின்ன வலைப்பை கட்டுவதுதான் எளிய காவல்.

முக்கியமான ஒரு எச்சரிக்கை. அத்தியை ஒடித்தால் வடியும் பால் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால், சிலருக்குத் தீப்புண் போலக் கொப்புளம் வரும். கவாத்து செய்யும்போது கையுறை அவசியம். பால் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகளைப் பழம் பறிக்க விடலாம், கிளை ஒடிக்க விட வேண்டாம்.

ருசி பார்க்கும் நாள்

பழம் தயாரா என்று நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பச்சை ரகங்கள் பழுத்தாலும் பச்சையாகத்தான் இருக்கும். கழுத்தைப் பாருங்கள். விறைத்து நிற்கும் கழுத்து தளர்ந்து, பழம் தொங்க வேண்டும். தொட்டால் காது மடல் போல மெத்தென்று இருக்க வேண்டும். தோலில் மெல்லிய கீறல்கள், கண்ணில் ஒரு சொட்டுத் தேன்... அதுதான் உச்சம். பறித்த காம்பில் வெள்ளைப் பால் வழிந்தால், ஒன்றிரண்டு நாள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

காத்திருக்க முடியாதவர்களுக்குப் பழங்காலத்திலிருந்தே ஒரு வழி உண்டு. பழுக்கும் பருவம் நெருங்கிய காயின் கண்ணில் ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய் வைத்தால், ஒரு வாரத்தில் பழுத்துவிடும். எண்ணெய் வைத்த காயையும் வைக்காத காயையும் ஒரே கிளையில் விட்டு, இரண்டையும் ருசித்துப் பார்ப்பது பிள்ளைகளுக்கு நல்ல விடுமுறைச் சோதனை. ரொம்பப் பிஞ்சாக இருக்கும்போது வைத்தால் வீணாகிவிடும்.

ரகங்களை ஒப்பிட்டு ருசிக்க நினைத்தால் சில பழக்கங்கள் உதவும். காலையில் பறித்து, ஃப்ரிட்ஜில் வைக்காமல் அன்றே சாப்பிடுங்கள். குளிரில் மணம் அடங்கிவிடும். நீளவாக்கில் இரண்டாக வெட்டி, முதலில் சதையின் நிறத்தைப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். தேன் குடும்பத்தை முதலிலும் பெர்ரி குடும்பத்தைப் பிறகும் சாப்பிடுங்கள். நடுவில் ஒரு வாய்த் தண்ணீர். ஒரு நோட்டில் தேதி, ரகம், அந்த வாரம் மழையா வெயிலா, வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள். முதல் வருடப் பழங்கள் சப்பென்று இருக்கலாம். வேர் ஊன்றி, இரண்டு மூன்று காய்ப்பு கண்ட பிறகே ஒரு ரகத்துக்குத் தீர்ப்பு எழுதுவது நியாயம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கவனத்துக்கு: 100 கிராம் புதிய அத்தியில் சுமார் 16 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதே எடை உலர் அத்தியில் சுமார் 48 கிராம்! எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பெயரை நம்பலாமா?

அத்தி உலகத்தில் பெயர்க் குழப்பம் அதிகம். ஒரே ரகத்துக்கு ஊருக்கு ஒரு பெயர். ஒரே பெயரில் வெவ்வேறு ரகங்கள். கலிபோர்னியாவில் 'பிரவுன் டர்க்கி' என்று விற்கப்படுவதும் இங்கிலாந்தில் அதே பெயரில் வளர்வதும் ஒன்றல்ல. எனவே அபூர்வப் பெயருக்காகப் பெரிய விலை கொடுப்பதைவிட, பக்கத்தில் யார் வீட்டிலாவது காய்த்துக்கொண்டிருக்கும் மரத்தின் பழத்தைச் சாப்பிட்டுப் பார்த்து, பிடித்திருந்தால் ஒரு குச்சி கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். இலைகளில் மஞ்சள் திட்டுகள் பரவியிருந்தால் அந்த மரத்தைத் தவிர்த்துவிடுங்கள். தேமல் நோயாக இருக்கலாம். குச்சியோடு அதுவும் உங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்களிடம், 'பெட்டியில் ரெண்டு குச்சி வைத்துக் கொண்டுவா' என்று சொல்லிவிடாதீர்கள். 2003-ம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, அனுமதியில்லாமல் நடவுப் பொருள்களை நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. ஒரு குச்சியோடு வரும் புதிய நோய் ஊர்த் தோட்டங்களையே பாதிக்கக்கூடும்.

தொடங்குபவர்களுக்கு இரண்டு செடி போதும். தேன் குடும்பத்தில் ஒன்று, பெர்ரி குடும்பத்தில் ஒன்று. இரண்டாவது, மூன்றாவது கோடையில் ஒரு காலை, கழுத்து வளைந்த பழத்தைப் பறித்துச் சூடு ஆறாமல் பாட்டியின் கையில் கொடுத்துப் பாருங்கள். கடைப் பெட்டிக்கு அன்று அவர் சொன்ன தீர்ப்பு, அந்த ஒரு வாயிலேயே மாறிவிடும்!